பாலைநிலத்துப் பண்டை ஆயரும் சமதானி ஆராய்ச்சியும்

கல்வெட்டும் ஏடும் விட்டுச்செல்லாத மக்களுக்கு வரலாறு உண்டோ? நகரம் அமைத்தோர் மதிலையும் மாளிகையையும் விட்டுச் சென்றனர். உழவர் வாய்க்காலையும் களஞ்சியத்தையும் விட்டுச் சென்றனர். மந்தையின் பின்னே நடந்த ஆயர் விட்டுச் சென்றவையோ மிகச் சிலவே. ஆதலின், அவர்களை நாகரிகத்தின் புறத்தே நின்றோரெனக் கருதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அக்கருத்தை மறுபடியும் ஆராயுமாறு நம்மைத் தூண்டுவது சகாராவிற் கிடைத்த மட்பாண்டச் சான்றாகும்.

இன்று மணற்கடலாய்க் கிடக்கும் சகாரா, ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை ஏரிகளும் புல்வெளிகளும் நிறைந்த நிலமாயிருந்தது. 1850 ஆம் ஆண்டிலே அவ்வழிச் சென்ற செருமானியப் பயணியாகிய ஐன்றிச் பார்த், பாறைகளிற் செதுக்கப்பட்ட மாட்டுருவங்களைக் கண்டு வியந்தார். 1955 ஆம் ஆண்டு முதல் இத்தாலிய அறிஞர் பப்ரீசியோ மோரி, லிபியாவின் தென்மேற்கிலுள்ள அக்காக்கசு மலைத்தொடரை ஆராய்ந்தார். அப்பகுதிப் பாறை ஓவியங்களில் மாட்டு மந்தைகள் பல உள. பால் கறக்கும் காட்சியும் உண்டு. ஆயினும், ஓவியத்தின் காலத்தை நேரே கணித்தல் அரிது. ஆகவே அம்மக்கள் பாலைப் பயன்படுத்தினர் என்பதற்கும், எக்காலத்திற் பயன்படுத்தினர் என்பதற்கும் வேறு சான்று வேண்டியிருந்தது.

அச்சான்று தக்கர்க்கோரி என்னும் குகைப்புடையிற் கிடைத்தது. சவீனோ தி லெர்னியா என்பார் தலைமையில் அங்கு நிகழ்ந்த அகழ்வில் எடுக்கப்பட்ட மட்பாண்ட ஓடுகளை, பிரித்தானியாவின் பிரிஸ்ரல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலி டன், ரிச்சாட் எவர்செட் முதலியோர் ஆராய்ந்து 2012 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மெருகிடாத மட்பாண்டம் சமைத்த பொருளின் கொழுப்பை உறிஞ்சித் தன்னகத்தே வைத்துக்கொள்ளும் இயல்பினது. வறண்ட நிலத்தில் அக்கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாது நிற்கின்றது.

இங்கு சமதானி என்பது யாதெனக் கூறுதல் வேண்டும். ஒரே மூலகத்தின் அணுக்களுட் சில, நியூத்திரன் மிகுதியால் எடை கூடியிருக்கும். காபனில் நூற்றுக்கு ஏறக்குறைய 99 பங்கு 12 என்னும் திணிவெண் உடையது. ஏறக்குறைய ஒரு பங்கு 13 உடையது. மரஞ்செடிகளும் வெப்பநிலப் புற்களும் இவ்விரண்டையும் ஒரே விகிதத்தில் ஏற்பதில்லை. புற்களிற் காபன் 13 சற்று மிகுந்து காணப்படும். எனவே விலங்கு எதை மேய்ந்தது என்பதன் அடையாளம் அதன் கொழுப்பில் தங்குகின்றது. மேலும், அசைபோடும் விலங்கின் பாற்கொழுப்பிலுள்ள 18 காபன் கொண்ட அமிலத்தில், உடற்கொழுப்பிலுள்ளதைவிடக் காபன் 13 குறைவு. அதனை 16 காபன் கொண்ட அமிலத்துடன் ஒப்பிட்டு வேறுபாட்டை நோக்கின், தீவனத்தின் தாக்கம் பெரிதும் நீங்கிவிடும். பாலா இறைச்சியா என்பது புலனாகும்.

இம்முறையால், கி. மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டிலேயே தக்கர்க்கோரி மக்கள் பாலைப் பாண்டங்களிற் பதப்படுத்தினர் என்பது உறுதியாயிற்று. விகிதங்கள் பரந்து வேறுபட்டமையால் மந்தைகள் பல்வகைத் தாவரங்களை மேய்ந்தன என்பதும் தெரிந்தது. ஆனால் அப்பால் பசுவினதா, ஆட்டினதா என்பதைக் காபன் மட்டும் கூறாது; அதற்கு அங்குக் கிடைத்த எலும்புகளையும் துணைக்கொள்ளல் வேண்டும்.

சமதானி ஆராய்ச்சி முன்னோர் கருத்தை உறுதிப்படுத்துவது மட்டுமன்று; ஐயுறவும் செய்யும். தென்னாபிரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் வாழ்ந்த ஆயர் பருவந்தோறும் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் மாறிச் சென்றனர் என்பது அறிஞர் சிலரின் கொள்கை. ஆட்டின் பல் மிளிரி இளமையில் உருவாகிப் பின் மாறாதது. ஆதலின் அது மேய்ந்த நிலத்தின் பதிவேடு போன்றது. கஸ்ரீல்பேக் என்னுமிடத்துச் செம்மறியாட்டுப் பற்களை ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, அத்தகைய இடப்பெயர்ச்சிக்கு ஆதரவு தரவில்லை. அழகிய கொள்கையும் சான்றின்முன் பணிதல் வேண்டுமன்றோ?

இவற்றாற் பெறப்படுவது யாது? உழவு முன், மந்தை பின் என்னும் வரிசை எங்கும் பொருந்துவதன்று. ஆபிரிக்காவின் பெரும்பகுதியிற் பயிர்த்தொழிலுக்கு முன்னரே மந்தை வளர்ப்பு நிலைபெற்றது. பால் விலங்கைக் கொல்லாமலே கிடைக்கும் உணவு, நீரும் தருவது. நிலம் வறண்டுவந்த காலத்தில் அது மக்களுக்குப் பெருந்துணையாயிருந்திருத்தல் கூடும். புறக்கணிக்கப்பட்ட அவ்வாயர் தம் சூழலை அறிந்து வாழ்ந்த அறிவுடையோர் என்பதற்கு, உடைந்த பானையோட்டிற் படிந்த பாற்கொழுப்பே சான்று பகர்கின்றது. எழுதாதார்க்கும் வரலாறு உண்டு. அதனைப் படிக்கும் முறையையே நாம் பிந்திக் கற்றோம்.