ஒரே வீச்சில் சாகாதவர்கள்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடையின் துணையோடு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டுகள் போர் விளையாட்டிலிருந்து கிளைத்தவை. அங்கே வீரன் என்பவன் வெறும் எண்ணிக்கை. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ நூலின் பெரும்போர் விதிகளில் ஒரு பொம்மை 20 பேரைக் குறித்தது. பகடை பாதகமாக விழுந்தால் பொம்மையை எடுத்துவிடுவார்கள். யாரும் துக்கம் காப்பதில்லை.

அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் ‘பிளாக்மூர்’ என்ற ஆட்டத்தைத் தொடங்கியபோது இந்தக் கணக்கு உதவவில்லை. அங்கே ஒருவருக்கு ஒரே பாத்திரம்; அதற்குப் பெயரும் தொடர்ந்து வளரும் வாழ்வும் உண்டு. அது ஒரே வீச்சில் மடிவதை ஆட்டக்காரர்கள் விரும்பவில்லை. ஆகவே ஆர்னெசன், இரும்புக்கவசக் கப்பல்களின் போருக்கென முன்பு தாம் எழுதியிருந்த விதிகளை நாடினார். கப்பல் ஒரு குண்டில் மூழ்குவதில்லை. ஒவ்வோர் அடியும் அதன் இருப்பில் கழிக்கப்படும். மனிதனுக்கும் அதே இருப்பை அளித்தார். ‘ஹிட் பாயிண்ட்’ இவ்வாறு வந்தது.

கைகாக்ஸும் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதை நிலைநிறுத்தியது. அதில் முதல்நிலை மந்திரவாதியின் உயிர் ஓர் அறுமுகப் பகடையளவு. ஆயுதத்தின் அடியும் அதே அளவு. தொடக்கத்தில் ஒரே அடியில் மரணம் நேரலாம். நிலை உயர உயர அது விலகிச் செல்லும். நெடுநாள் பழகிய பாத்திரத்திடம் விதி இரக்கம் காட்டுகிறது. தமிழில் ‘விதி’ என்பது சட்டத்தையும் ஊழையும் ஒருங்கே குறிப்பது இங்கே பொருந்திவருகிறது.

பலமுறை வெட்டுண்டும் நிற்கும் மனிதனை எப்படி நம்புவது? க்ளோராந்தா என்னும் கற்பனை உலகில் நிகழும் ‘ரூன்க்வெஸ்ட்’ (1978) தலை, கை, கால் ஒவ்வொன்றுக்கும் தனி இருப்பு வகுத்து மெய்ம்மையைத் தேடியது. அதே உலகுக்காக ராபின் லாஸ் வடிவமைத்த ‘ஹீரோ வார்ஸ்’ (2000) எதிர்த்திசையில் நடந்தது. வாட்போர், வழக்காடல் இரண்டையும் ஒரே முறையில் தீர்க்கலாம். நீண்ட மோதல்களில் இருவரும் புள்ளிகளைப் பணயம் வைப்பர். இந்தப் பணயக் கணக்கு, ‘ஹீரோக்வெஸ்ட்’ எனப் பெயர் மாறிய அவ்விளையாட்டின் 2009 பதிப்பில் நீக்கப்பட்டு, முதலில் 5 புள்ளி சேர்ப்பவரே வென்றவர் என்றானது.

உடலின் இருப்பு மறைந்து மோதலின் நிலவரம் மட்டும் எஞ்சியது. தோற்றவன் சாக வேண்டியதில்லை. வாக்கையோ நாட்டையோ இழக்கலாம். மினசோட்டா நண்பர்கள் கேட்டதும் ஏறத்தாழ இதுதான்: தோல்விக்குப் பிறகும் தொடர ஒரு கதை.