ஊரோம் முதல் விண்ணப்பதாரர் வரை: பொம்மசந்திராவும் ஊராட்சிச் சொற்களும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் பொம்மசந்திரா. இன்று அப்பெயரைக் கேட்போருக்குத் தொழிற்பேட்டையும் மருத்துவமனைகளுமே நினைவுக்கு வரும். 2025 ஆகஸ்டில் இராஷ்ட்ரீய வித்யாலயா சாலையிலிருந்து தொடங்கும் மெட்ரோ இரயில் தடத்தின் கடைசி நிலையமாகவும் அது ஆயிற்று. ஆயினும் அண்மைக் காலம் வரை அது ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூர். அத்தகைய ஊரின் பொதுக் காரியங்களை யார் நடத்தினர், குடிகள் தம் குறைகளை எந்த உறவுநிலையில் நின்று சொல்லினர் என்பதை, ஆட்சிச் சொற்களின் வழியே காண முற்படுகிறது இக்கட்டுரை. கல்வெட்டுகளை வரலாற்று அறிஞரிடம் விட்டுவிடுவது மொழியியலார் வழக்கம். அவற்றில் வரும் விகுதி ஒன்று கூடச் சமூக வரலாற்றைச் சொல்லவல்லது என்பதால் அவ்வழக்கத்தைச் சற்றே மீற வேண்டியுள்ளது.

முதலில் ஊர்ப்பெயரைப் பார்க்கலாம். தமிழில் பொம்மசந்திரா என்று எழுதியதும் சந்திரனை நினையாதார் இலர். கன்னட எழுத்தில் இக்குழப்பம் இல்லை. அங்கு இரண்டாம் பகுதி சகரத்தின் உரசொலி வடிவத்தோடு தொடங்கி, குறில் அகரத்தில் முடிகிறது. தமிழ்ச் சகரம் இரு ஒலிகளுக்கும் ஒரே எழுத்தாக நிற்பதாலும், ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி ஈற்றில் நெடில் இட்டதாலும் ஏரி நிலவாகிவிட்டது. சந்திரா என்பது சமுத்திரம் என்பதன் திரிபு. நடுவசையின் உகரம் மறைந்து, அதனால் அடுத்து நின்ற மகரம் தகரத்திற்கு இனமான நகரமாக மாறியது. பெரிய ஏரியைச் சமுத்திரம் எனப் பெயரிட்டழைப்பது தென்னாட்டு மரபு. சிங்கசந்திரா, திப்பசந்திரா முதலாகப் பெங்களூரைச் சுற்றியுள்ள பல ஊர்களும், எல்லைக்கு இப்பால் ஓசூர்ப் பகுதியின் கோபசந்திரமும் இவ்வகையின. முன்பகுதியான பொம்ம என்பது பிரமன் என்பதன் கன்னடத் திரிபு, ஆட்பெயராகப் பெருவழக்கிலிருந்தது. ஆக, பொம்மன் என்பான் பெயரால் அமைந்த ஏரி, அதனையொட்டி எழுந்த குடியிருப்பு என்று பெயர் பொருள் தருகிறது. பேராறு எதுவும் பாயாத இம்மேட்டு நிலத்தில் ஏரி இல்லையேல் ஊர் இல்லை. எனவே ஊர்க்காரியம் என்பது பெரும்பாலும் ஏரிக்காரியமே: கரை காத்தல், தூர் எடுத்தல், மதகு திறத்தல், கடைமடைக்கும் நீர் செல்லச் செய்தல்.

இப்பகுதி 1004ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசனின் படையெடுப்பால் சோழர் ஆட்சிக்குட்பட்டது. 1116 அளவில் ஒய்சள விட்டுணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றியபின் சோழராட்சி நீங்கியது. தமிழ்க் கல்வெட்டு மரபோ நீங்கவில்லை. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதியின் பெங்களூர் மாவட்டப் பகுதியைப் புரட்டுவோர் கன்னடத்தோடு தமிழும் கலந்து கிடப்பதைக் காணலாம். பொம்மசந்திராவிலிருந்து நகரை நோக்கி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் மடிவாளத்துச் சோமேசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் அளித்த நிலக்கொடையைச் சொல்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர். கொடை நிலம் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் இருப்பது என்று இடம் சுட்டப்படுகிறது. இன்றைய தாவரெக்கெரெ அக்காலத்தில் தாமரைக்கிரை. நிலத்தின் அடையாளமே ஏரிதான் என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் ஊரவை தன்னைக் குறிப்பிடும் முறை தனித்தன்மை வாய்ந்தது. ஊரார் என்றோ சபையார் என்றோ படர்க்கையில் கூறிக்கொள்வதோடு நில்லாமல், ஊரோம், சபையோம், நகரத்தோம், நாட்டோம் என்று தன்மைப் பன்மையில் பேசுகிறது. பெயர்ச்சொல்லே ஓம் விகுதி ஏற்று நிற்கிறது. அதற்கேற்ப வினையும் விற்றோம், கொடுத்தோம் என முடிகிறது. செயலைச் செய்தவர் யார் என்பதை இவ்விலக்கணம் மறைக்க இடம் தருவதில்லை. ஏரிக்கென்று பொன் பெற்று அதன் பலிசையால் தூர் எடுக்க உடன்படும் ஊரவை, செய்வதாக உடன்பட்டவர் நாங்கள் என்றே எழுதித் தருகிறது.

இதை வைத்து அக்காலத்தில் எல்லாரும் கூடி ஆண்டனர் என முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் நன்னூலை ஒருமுறை நோக்குதல் நலம். தன்மைப் பன்மை விகுதிகளுள் அம், ஆம் என்பன முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் உளப்படுத்துவன என்று அந்நூல் பகுக்கிறது. அப்பகுப்பின்படி ஊரோம் என்பது கேட்போரை உள்ளடக்காத நாங்கள். அனைவரையும் தழுவிய நாம் அன்று. வரலாறும் இதையே காட்டுகிறது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஒரு பிரமதேயச் சபையின் விதிகள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவரே குடவோலைக்குத் தகுதி பெற்றனர். வயது வரம்பு இரண்டாம் கல்வெட்டின்படி 35 முதல் 70 வரை. ஏரியில் இறங்கி வேலை செய்தவர்க்கு அக்குடத்தில் ஓலை இல்லை. பெண்டிர்க்கும் இல்லை.

இக்குறையை மறவாமல் ஏரி வாரியத்தை நோக்குவோம். வாரியம் என்பது அங்கு ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. சம்வத்சர வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். பணிக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர். இவ்வளவு கடுமையான கணக்கு விதி இன்றைய எந்த உள்ளாட்சிச் சட்டத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இச்சொல்லின் பிற்கால வாழ்வு வியப்புக்குரியது. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கில ‘போர்டு’ என்பதற்கு நிகராக வாரியம் எடுத்துக்கொள்ளப்பட்டது: மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், வீட்டுவசதி வாரியம். பொம்மசந்திராவின் விளைநிலத்தைத் தொழிற்பேட்டையாக்கிய அமைப்பு கர்நாடகத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்தது. கன்னடத்தில் அது மண்டலி. தமிழில் எழுதுவோர் அதனைத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் என்பர். ஊரார் தம்முள் அறுவரைத் தெரிந்து ஏரியை ஒப்படைத்த குழுவுக்கும், மாநில அரசு அமர்த்தி நிலம் எடுக்கும் அமைப்புக்கும் தமிழில் பெயர் ஒன்றே. சொல் மாறாமல் பொருள் தலைகீழாவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஊரோம் என்னும் வடிவம் எப்போது வழக்கொழிந்தது? விசயநகரக் காலம் முதலே அவைகளின் குரல் மெலிந்து, ஊர்த்தலைவரும் கணக்கரும் முன்னிற்கின்றனர். மைசூர்ப் பகுதியில் கௌடரும் சானுபோகரும் ஆயகாரர் பன்னிருவருள் தலையாயினர். கல்வெட்டுத் தமிழில் காமுண்டன் என வருவதும், கன்னடக் கௌடரும், கொங்குநாட்டுக் கவுண்டரும் ஒரே சொல்லின் வழிவந்தவை. ஆயகாரருள் நீர்கண்டி என்பவரே ஏரியின் உண்மையான காப்பாளர். மதகைத் திறந்து ஒவ்வொரு வயலுக்கும் முறைப்படி நீர் விட்டவர். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குடியினர். தமிழகத்தில் நீர்க்கட்டி, மடையன், நீர்பாய்ச்சி எனப் பெயர் பெற்றவரும் இவரே. நீரை நியாயமாகப் பங்கிட்டவரின் பெயரான மடையன் இன்று வசைச்சொல்லோடு ஒலியொத்து நிற்பது மொழியின் கொடுமைகளுள் ஒன்று.

எஞ்சியிருந்த கூட்டுப் பொறுப்பைச் சிதைத்ததில் நிலவரி முறைக்குப் பெரும் பங்குண்டு. 1792இல் பாரமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமசு மன்றோவும் அங்கே இரயத்துவாரி முறைக்கு வித்திட்டனர். மைசூர் நாட்டில் 1863 முதல் நில அளவையும் தனித்தனி வரித்திட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஊர் என்ற மொத்தத்தோடு இருந்த கணக்கு, பட்டா உடைய ஒவ்வொருவரோடும் தனிக்கணக்காயிற்று. அதன்பின் அரசோடு பேச நாங்கள் தேவையில்லை, நான் போதும். பின்னர் ஏரி பாழாவதைக் கண்ட மைசூர் அரசு 1911இல் ஏரிப் பஞ்சாயத்துக்கென ஒரு சட்டம் செய்து, பராமரிப்பை ஊராரிடமே ஒப்படைக்க முயன்றது. கலைத்த கூட்டைச் சட்டத்தால் மீண்டும் கட்டுவது எளிதன்று. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழித்தது; தமிழகத்தில் அது 1980இல் நிகழ்ந்தது. பிறப்புரிமைப் பதவி ஒழிந்தது நன்றே. ஆனால் நீர்கண்டியின் பதவி போனபோது மதகுக்கும் ஆள் இல்லாமற் போயிற்று. பிற்காலப் பங்கீட்டின்படி 40 எக்டேர் வரை பாசனமுள்ள ஏரிகள் ஊராட்சி அமைப்புகளையும், அதற்கு மேற்பட்டவை சிறு நீர்ப்பாசனத் துறையையும் சார்ந்தன. பாசன நிலமே மனைகளாகிவிட்ட இடத்தில் இந்தப் பங்கீடு வெறுங்கணக்கு.

இவ்வளவுக்குப் பின்னும் சபை என்ற சொல் திரும்பி வந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தமும், அதே ஆண்டின் கர்நாடகப் பஞ்சாயத்துராஜ் சட்டமும் கிராம சபைக்கு இடமளித்தன. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர். உத்தரமேரூர் விலக்கியவர் எல்லாரும் இங்கு உட்காரலாம். நன்னூலின் சொற்களில் சொன்னால், ஓம் போய் ஆம் வந்தது. பாரசீகச் சொல்லான ஜமாபந்தியும் பொருள் மாறியது. வரி விதிப்பைக் குறித்த அச்சொல், தமிழக வட்ட அலுவலகங்களில் வருவாய்க் கணக்குத் தணிக்கையைக் குறிக்கிறது. கர்நாடக ஊராட்சிகளிலோ, பஞ்சாயத்தின் செலவையும் வேலையையும் ஆண்டுதோறும் மக்கள் முன் சரிபார்ப்பதைக் குறிக்கிறது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய பழைய விதியின் நிழல் இதில் தெரிகிறது.

பொம்மசந்திராவின் நிலை இவ்விடத்தில்தான் சிக்கலாகிறது. ஊர் வளர்ந்து புரசபை ஆயிற்று, கன்னடத்தில் புரசபெ. சாலை, விளக்கு, கழிவுநீர் ஆகியவற்றுக்கு நகராட்சி அமைப்பு ஏற்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிராமம் நகரமாகும் அன்றே கிராம சபை என்னும் சட்ட அமைப்பு அவ்வூருக்கு இல்லாதொழிகிறது. அதற்கு ஈடாக 74ஆம் திருத்தம் வார்டுக் குழுக்களைச் சொல்கிறது. அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு அவற்றைக் கட்டாயமாக்குவது மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு மட்டுமே. பொம்மசந்திரா போன்ற சிறு நகரம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: கூடிப் பேசும் சபைக்கு அது பெரிதாகிவிட்டது, குழுவுக்கு இன்னும் சிறிதாகவே உள்ளது. பெயரில் சபை இருக்கிறது. அதில் அமர்வோர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் மட்டுமே.

எனவே குடிமகன் அலுவலகத்துக்குத் தனியனாகச் செல்கிறான். அவன் கையில் இருப்பது அர்ஜி. அரபு மூலத்திலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். தமிழில் விண்ணப்பம். இறைவனுக்கும் அரசனுக்கும் தாழ்ந்து நின்று சொல்வதற்கு இலக்கியத்திலும் கல்வெட்டிலும் வழங்கிய சொல் அது. குடிநீர் வண்டி வரவில்லை என்பதற்கும், கால்வாய் அடைப்புக்கும், காத்தா மாற்றத்துக்கும் இன்று அதே சொல். காத்தா என்பது மனைக்குரியவர் பெயரில் உள்ள வரிக்கணக்கு. அது உள்ளவர் குரலுக்கு அலுவலகத்தில் எடை உண்டு. தொழிற்பேட்டையில் உழைக்கக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து வாடகைக்கு இருப்போரிடம் காத்தா இல்லை. பலருக்கு வாக்கும் சொந்த ஊரிலேயே. கால் வேலி நிலமும் சொந்த மனையும் கேட்ட பழைய தகுதி, எழுதாத விதியாக இங்கு வாழ்கிறது. வந்த விண்ணப்பத்துக்கு அலுவலகம் தரும் விடையிலோ எழுவாய் இராது: பரிசீலிக்கப்படும், ஆவன செய்யப்படும். செயப்பாட்டு வினை வடமொழி, ஆங்கிலத் தாக்கத்தால் தமிழில் பெருகியது என்று இலக்கண ஆய்வாளர் கூறுவர். யார் செய்வார் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கு அது மிகவும் பயன்படுகிறது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.

ஆனேக்கல், ஓசூர் வட்டங்களின் சந்திரா, சந்திரம் ஊர்ப்பெயர்கள் அனைத்தையும் தொகுத்து, ஒவ்வொன்றிலும் ஏரி எங்குள்ளது, இன்று எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ளது, அதன்மேல் எழுதப்பட்ட விண்ணப்பங்கள் எவை என்று பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தல் அடுத்த பணி. அதற்கு மொழியியலாரும் கல்வெட்டியலாரும் மட்டும் போதார். பதிவேட்டைத் திறந்து காட்ட மனமுள்ள கணக்கர் ஒருவரும் வேண்டும்.