தாவர வைரஸ்களின் ஆர்.என்.ஏ. வால்

பெரும்பாலான தாவர வைரஸ்களின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதன் கடைசி முனையான 3′ முனை வால் எனப்படும். செல்லின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ.க்களில் இவ்விடத்தில் அடினைன் அலகுகள் வரிசையாக நின்று, முனையிலிருந்து அரிக்கும் நொதிகளிடமிருந்து இழையைக் காக்கின்றன. புரத உற்பத்தியையும் ஊக்குகின்றன. உருளைக்கிழங்கு ஒய் வைரஸ் போன்ற போட்டிவைரஸ் (potyvirus) வகையினவற்றுக்கும் இதே பாலி-ஏ வால் உண்டு. வேறு பல வைரஸ்களுக்கு அது இல்லை.

இவற்றுள் நுணுகிப் பார்க்க வேண்டியது டர்னிப் மஞ்சள் தேமல் வைரஸ். அதன் ஆர்.என்.ஏ. முனையில் வேலைன் என்ற அமினோ அமிலத்தை நொதி ஏற்றுவதை 1970இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டனர். அமினோ அமிலம் சுமப்பது கடத்து ஆர்.என்.ஏ.யின் வேலை. வைரஸ் இழையின் கடைசி 82 நியூக்ளியோடைடுகள் அதன் உருவத்தில் மடிந்திருப்பதால் செல்லின் நொதி ஏமாறுகிறது. புகையிலைத் தேமல் வைரஸின் வால் ஹிஸ்டிடினையும், புரோம் தேமல் வைரஸின் வால் டைரோசினையும் ஏற்கும். 2014இல் வெளியான படிக ஆய்வின்படி, டர்னிப் வைரஸ் வாலின் புறவடிவம் கடத்து ஆர்.என்.ஏ.யை ஒத்தது; உள்ளே இழை மடியும் வழியோ வேறு.

இந்தப் போலியுருவால் கிடைக்கும் ஆதாயங்கள் பல. கடத்து ஆர்.என்.ஏ.யின் சி-சி-ஏ என்ற எழுத்துகளில் முடியும் முனையைச் செப்பனிடும் செல் நொதி, வைரஸ் வாலின் நுனியில் உதிர்ந்த எழுத்துகளையும் நிரப்பிவிடும். புரோம் தேமல் வைரஸில் இது 1989இல் காட்டப்பட்டது. அடுத்தது இன்னும் நுட்பமானது. புரதம் உருவாக்கும் ரைபோசோம் தொடக்க முனையான 5′ பக்கத்திலிருந்து வாசித்து வருகையில், வைரஸ் ஆர்.என்.ஏ.யை நகலெடுக்கும் நொதி 3′ முனையில் தொடங்கினால் இரண்டும் எதிரெதிரே மோதும். சோதனைக்குழாய் ஆய்வுகளில், வேலைன் ஏறிய வாலை இ.இ.எஃப்.1.ஏ. என்ற செல் புரதம் பற்றிக்கொண்டு நகலெடுப்பைத் தடுத்தது. புரத உற்பத்தி கூடியது. ஆனால் வேலைன்தான் வேண்டும் என்பதில்லை. 1996இல் மெத்தியோனினை ஏற்கும்படி மாற்றப்பட்ட வைரஸும் தாவரத்தைத் தொற்றியது.

புகையிலைத் தேமல் வைரஸில் போலி வாலுக்கு முன்னால் பொய்முடிச்சுகள் எனப்படும் மடிப்புகள் உள்ளன. அவை பாலி-ஏ வாலுக்கு ஈடாகப் புரத உற்பத்தியைத் தூண்டுகின்றன. குதிரைமசால் தேமல் வைரஸ் வேறு வகை: அதன் ஆர்.என்.ஏ. வாலில் உறைப்புரதம் ஒட்டினால்தான் தொற்று தொடங்கும்.

வைரஸ் பிறப்பிலேயே கொண்டுவராத வால் மாற்றமும் உண்டு. அராபிடாப்சிஸ் செடியின் ஹெசோ1, யு.ஆர்.டி.1 நொதிகள் ஆர்.என்.ஏ. நுனியில் யுரிடின் சேர்ப்பவை. இச்சேர்க்கை பெரும்பாலும் சிதைவுக்கு இட்டுச்செல்லும்; பாலி-ஏ வாலில் சேரும்போது அவ்வால் மேலும் குட்டையாகாமல் காப்பதும் உண்டு. தாவர வைரஸ்களின் ஆர்.என்.ஏ.யிலும் யுரிடின் காணப்படுகிறது. அதன் அளவு வைரஸுக்கு வைரஸ் பெரிதும் வேறுபடும்.