டயாலிசிஸும் இரத்தவழியும்

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை வெளியே எடுத்து, கருவியில் சுத்திகரித்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் சிகிச்சையே ஹீமோடயாலிசிஸ். பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் நடக்கும். இதன் வரலாற்றில் கருவிக்கே பெயர் அதிகம். ஆனால் நோயாளியின் அன்றாட வாழ்வைப் பெரிதும் தீர்மானித்தது இரத்தம் போய்வரும் வழிதான்.

நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1943-இல் தம் கருவியை முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார். ஒவ்வொரு முறையும் புதிய இரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால், சில வாரங்களில் குழாய்கள் தீர்ந்துபோயின. 1960-இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிலையாக இருக்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். எனினும் தோலுக்கு வெளியே நின்ற அக்குழாயில் இரத்தம் உறைந்தது, கிருமியும் தொற்றியது. 1961-இல் இலண்டனில் ஸ்டான்லி ஷால்டன் தொடைச் சிரையில் கதீட்டர் செருகினார். இன்றைய கதீட்டர்களுக்கு அதுவே முன்னோடி.

1966-இல் நியூயார்க்கின் பிரெஸ்சியா, சிமினோ, அப்பெல் குழுவினர் வேறு வழியை வெளியிட்டனர். மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைத்தால் சிரை தடித்துவிடும். அதில் ஊசி குத்திக்கொள்ளலாம். இதுவே ஃபிஸ்டுலா. வெளியே தொங்கும் பொருள் எதுவுமில்லை. இத்துறையில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் இன்றுவரை இல்லை என்றே சொல்லலாம்.

பிறகும் கதீட்டர் ஏன் நீடிக்கிறது? ஃபிஸ்டுலா பக்குவப்படப் பல வாரங்கள் ஆகும். நம் நாட்டில் பலர் கால் வீங்கி, மூச்சுத் திணறிய பின்னரே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அன்றே கழுத்தில் கதீட்டர் போட்டால்தான் உயிர் தப்பும். அது மாதக்கணக்கில் தங்கும்போதுதான் சிக்கல். டயாலிசிஸ் நடக்கும்போதே குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், இரத்தத்தில் தொற்று பரவியதாகச் சந்தேகிக்க வேண்டும். காறையெலும்பின் கீழ்ச் சிரையில் போட்ட கதீட்டர் அச்சிரையையே சுருக்கி, அந்தக் கையில் பின்னர் ஃபிஸ்டுலா அமைவதையும் கெடுக்கும். கட்டு நனையக் கூடாது என்பதால் தலைக்குக் குளிக்க முடியாது. கடலில் இறங்கித் தொழில் செய்பவருக்குப் பிழைப்பே நின்றுபோகும். சிறுநீரக நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க அமெரிக்காவில் உருவான கே.டி.கியூ.ஓ.எல். வினாத்தாளிலும் இரத்தவழி தரும் தொல்லை பற்றித் தனிக் கேள்வி உண்டு.

1954-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவுடன் இணைந்த காரைக்கால், புதுச்சேரி நகரிலிருந்து சுமார் 130 கி.மீ. தொலைவில், தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ அமைந்துள்ளது. வாரம் 3 முறை அங்கே போய்வந்தால் 780 கி.மீ. ஆகும். மாவட்ட மருத்துவமனைகளுக்கான தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-இல் அறிவிக்கப்பட்டது. ஜிப்மரின் காரைக்கால் கிளையும் அதே ஆண்டில் தொடங்கியது. கருவியை ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம். ஃபிஸ்டுலா அமைக்கும் அறுவை மருத்துவர் கிடைப்பது அதைவிடக் கடினம். ஆனால் அந்தப் பயணம் வாராவாரம் தேவைப்படுவதில்லை. சிறுநீரகம் குறைந்துவருவது தெரிந்தவுடனே, அதிகம் பயன்படுத்தாத கையில் (பலருக்கு இடக்கை) ஊசி குத்தாமல் சிரைகளைக் காப்பாற்றி வைக்கும்படி மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.