முடக்கு வாதமும் 'பரம்பரை' என்கிற ஒற்றைச் சொல்லும்

மூட்டு வலின்னாலே நம்ம ஊரில் 'வாதம்'னு ஒரே சொல்லில் முடிச்சிடுவாங்க. அறுபது வயசில் முழங்கால் தேய்ந்து வருகிற வலியும் வாதம்தான், முப்பது வயசில் காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாமல் போவதும் வாதம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு. முதலாவது தேய்மானம். இரண்டாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்கு வாதம். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்குள் இருக்கும் சவ்வின் மேல் பாய்கிற நோய். ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். ஆனால் ப்ரோகிராமில் பிழை தேடித் தேடி ராத்திரி கண்விழிச்சவங்களுக்கு இந்த நோயின் காரணத்தைத் தேடின கதை ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க :-)

1800, பாரிஸ். ஒகுஸ்தன் லாந்த்ரே-பொவே என்ற 28 வயசு மருத்துவர், ஒன்பது பெண் நோயாளிகளைப் பார்த்து ஒரு ஆய்வேடு எழுதினார். அந்தக் காலத்தில் மூட்டு வீங்கினால் அது கௌட்தான். நல்லா தின்னு குடிச்சு வாழ்கிற பணக்கார ஆண்களின் வியாதி என்று அதற்குப் பெயர். இவரிடம் வந்தவர்களோ ஏழைப் பெண்கள். இது வேற மாதிரி இருக்கே என்று கவனித்தார். ஆனாலும் 'கௌட்டில் இது ஒரு வகை' என்பதோடு நின்றுவிட்டார்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் லண்டனில் இருந்த ஆல்ஃபிரட் காரட். அவருடைய சோதனை ரொம்ப எளிமை. நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தில் கொஞ்சம் அசெட்டிக் அமிலம் விட்டு, அதில் ஒரு லினன் நூலைப் போட்டு வைப்பது. கௌட் என்றால் நூலில் யூரிக் அமிலப் படிகங்கள் கல்கண்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். இந்த இன்னொரு நோய்க்காரர்களின் ரத்தத்தில் யூரிக் அமிலம் அப்படி ஏறியிருக்காது. ஆக நோயே வேறு. 1859-ல் வந்த தன் புத்தகத்தில் அதற்கு 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். இன்றுவரை அதே பெயர்தான்.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கு. அவர் மகன் ஆர்ச்சிபால்ட் காரட் 1890-ல் இதே நோயைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். பிறகு 1900-களின் ஆரம்பத்தில், சில நோய்கள் மெண்டல் விதிப்படி பரம்பரையாக வருகின்றன என்று காட்டி மனித மரபியலுக்கே அடித்தளம் போட்டதும் இவர்தான். அப்பா பெயர் வைத்த நோய், மகன் தொடங்கி வைத்த துறை. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க 1970-கள் வரை ஆச்சு!

நடுவில் என்ன செய்தார்கள்? கிருமிதான் காரணம் என்று நினைத்தார்கள். உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டுக்கு விஷம் அனுப்புகிறது என்று ஒரு கொள்கை. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எத்தனையோ பேருக்குப் பல்லையும் டான்சிலையும் பிடுங்கிப் போட்டார்கள். பல்லும் போச்சு, வலியும் போகலை.

முதல் சரியான துப்பு தற்செயலாகக் கிடைத்தது. நார்வேயில் எரிக் வாலர் 1937-ல் வேறொரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். அதில் ஆட்டின் சிவப்பணுக்களின் மேல் முயலின் எதிர்ப்பொருளைப் (ஆன்ட்டிபாடின்னு சொல்றோமே, அது) பூசிப் பயன்படுத்துவார்கள். ஒரு முடக்கு வாத நோயாளியின் ரத்தத்தைச் சேர்த்ததும் அந்த அணுக்கள் எல்லாம் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொண்டன. 1940-ல் இதைப் பிரசுரித்தார். அது ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்த வருடம். யார் படிப்பார்கள்? 1948-ல் நியூயார்க்கில் ஹாரி ரோஸ் குழு இதையே மறுபடியும் கண்டுபிடித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் எதிர்ப்பொருளையே எதிர்க்கிற ஒரு எதிர்ப்பொருள் இருக்கிறது. போலீஸைப் பிடிக்க அலையும் போலீஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்றைக்கும் லேப் ரிப்போர்ட்டில் 'ஆர்.ஏ. ஃபேக்டர்' என்று வருவது அதுதான். ஆக, வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை, சொந்தப் படையே கலகம் செய்கிறது என்று புரிந்தது.

சரி, ஏன் சிலருக்கு மட்டும்?

1969-ல் ஆஸ்டோர்கா, வில்லியம்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். பொதுவாக இரண்டு வேற்று மனிதர்களின் வெள்ளை அணுக்களைக் கலந்தால் அவை ஒன்றையொன்று அந்நியன் என்று பார்த்துச் சண்டைக்குக் கிளம்பும். முடக்கு வாதக்காரர்கள் இரண்டு பேரின் அணுக்களைக் கலந்தால் அந்த வேகம் இல்லை. சொந்தபந்தம் மாதிரி சும்மா இருந்தன. அப்படியென்றால் இவர்களுக்குள் ஏதோ பொதுவாக இருக்கணும் இல்லையா? டாலஸ் நகரில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி இதைத் துரத்திக்கொண்டு போய் 1978-ல் விடையைப் பிரசுரித்தார். எச்.எல்.ஏ. டி.ஆர்.4. நோயாளிகளில் 70 சதவீதம் பேருக்கு இருந்தது, மற்றவர்களில் 28 சதவீதம் பேருக்கு.

எச்.எல்.ஏ. என்பது ஒரு தட்டு மாதிரி. செல் தனக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை அந்தத் தட்டில் வைத்து வெளியே நீட்டும். டி செல்கள் வந்து பார்த்து, 'இது நம்ம ஆள், இது அந்நியன்' என்று முடிவு செய்யும். தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். 1987-ல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் மூவரும் இன்னும் உள்ளே போனார்கள். நோயோடு தொடர்புள்ள தட்டுகள் பல வகை. ஆனால் எல்லாவற்றிலும் 70 முதல் 74 வரையான இடங்களில் இருக்கும் ஐந்து அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. ஐரோப்பியர்களிடம் 0401, ஜப்பானியர்களிடம் 0405, நம் இந்தியர்களிடம் 1001 என்று வகையின் எண் மாறினாலும் அந்த ஐந்து எழுத்து வாசகம் ஒரே ஜாடை.

இந்த இடத்தில்தான் 'பரம்பரை' என்ற சொல் உள்ளே வருகிறது. எங்க சொந்தத்தில் ஒரு அக்காவுக்கு கல்யாணமான ரெண்டாவது வருஷம் இந்த நோய் வந்தது. 'உங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?' என்று டாக்டர் ஒரு தடவைதான் கேட்டார். மாமியார் வீட்டில் பல தடவை கேட்டார்கள். இப்போ அக்காவின் கவலையெல்லாம் கை விரல்கள் இல்லை, பொண்ணுதான். 'இவளுக்கும் வருமாடா?'

அதற்கு ஆராய்ச்சி சொன்ன பதில் இது. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணு அச்சு அசல் ஒன்று. எல்லாம் மரபணுவின் வேலை என்றால், ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்கும் வந்தே ஆகணும். 1993-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், ஒருவருக்கு இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது சுமார் 15 சதவீத ஜோடிகளில்தான். சாதாரண இரட்டையரில் சுமார் 4 சதவீதம். அதாவது மரபணுவுக்குப் பங்கு உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அதே மரபணுவைச் சுமந்துகொண்டு நோயே வராமல் இருப்பவர்கள்தான் அதிகம். ஸ்டாஸ்ட்னியின் கணக்கையே எடுங்க. நூறு பேரில் 28 பேரிடம் டி.ஆர்.4 இருக்கிறது, இந்த நோய் வருவதோ நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு. நோயாளியின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்பார்கள். ஒன்றின் மூன்று மடங்கு மூன்று. மீதி தொண்ணூற்றேழு பேருக்கு வராது. அக்காவுக்கு இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன்.

அப்போ மீதிக் காரணம் எங்கே? 1964-ல் நெதர்லாந்தில் நீன்ஹாவ்ஸ், மாண்டமா இருவரும், கன்னத்தின் உள்பக்கச் செல்களில் மட்டும் போய் ஒட்டும் ஒரு எதிர்ப்பொருளை இந்த நோயாளிகளிடம் கண்டார்கள். எதைத் தேடி ஒட்டுகிறது என்று பிடிபட 34 வருஷம் ஆச்சு. 1998-ல் நைமேகன் நகரின் குழு கண்டுபிடித்தது: சிட்ருலின். தர்பூசணியின் லத்தீன் பெயரிலிருந்து வந்த பெயர். புரதத்தில் இருக்கும் அர்ஜினினை உடம்பின் ஒரு நொதி லேசாக மாற்றினால் சிட்ருலின். அர்ஜினினுக்கு நேர் மின்னூட்டம் உண்டு, சிட்ருலினுக்குக் கிடையாது. அந்த ஐந்து எழுத்து வாசகம் உள்ள தட்டின் குழியிலும் நேர் மின்னூட்டம். அர்ஜினினைத் தள்ளிவிடும், சிட்ருலின் வந்தால் கச்சிதமாக உட்காரும். 2003-ல் கனடாவில் இதைச் செய்து காட்டினார்கள். மரபணுப் பக்கமும் எதிர்ப்புச் சக்திப் பக்கமும் ஒரே இடத்தில் பொருந்தின.

அந்த மாற்றத்தைத் தூண்டுவது எது? ஒரு முக்கியச் சந்தேகப் புள்ளி, சிகரெட் புகை படும் நுரையீரல். ஸ்வீடனில் லார்ஸ் கிளாரஸ்கோக் குழு 2006-ல் வெளியிட்ட கணக்கு: புகைக்காத, அந்த மரபணுவும் இல்லாத ஒருவரோடு ஒப்பிட்டால், அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் அதைப் பெற்று, புகையும் பிடிப்பவருக்கு, சிட்ருலின் எதிர்ப்பொருள் உள்ள வகை முடக்கு வாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. மரபணுவை மாற்ற முடியாது, சிகரெட்டை விடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுக்கு அப்புறம் வருவதுதான். சர்வர் படுத்துவிட்டால் நாங்கள் முதலில் போய்ப் பார்ப்பது பழைய லாக் ஃபைல்களை. வடக்கு ஸ்வீடனின் உமியோ நகரில் வேறு காரணங்களுக்காகச் சேகரித்து உறைய வைத்த ரத்தம் இருந்தது. பின்னாளில் முடக்கு வாதம் வந்த 83 பேர், நோய்க்கு முன் அங்கே ரத்தம் கொடுத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குப் பேரிடம் வலி தெரியும் முன்பே சிட்ருலின் எதிர்ப்பொருள்! இது 2003. அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாமில், ரத்த தானம் செய்த 79 பேரின் பழைய மாதிரிகளைப் பார்த்தார்கள். பாதிப் பேரிடம் எதிர்ப்பொருள் முன்கூட்டியே இருந்தது, நடுமதிப்பு நாலரை வருடம். மூட்டு வீங்கும் நாள் நோயின் முதல் நாள் இல்லை என்று தெரிந்தது.

2014-ல் உலகம் முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 101 மரபணு இடங்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் பெரும்பாலானவை தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தள்ளு மட்டும்தான். ஆக, ஒரு வீட்டு ரத்தத்தில் ஓடுகிற ஒற்றைச் சாபம் என்று எதுவும் இல்லை.

இப்போதைய கேள்வி, அந்த இடைப்பட்ட வருடங்களில் தடுக்க முடியுமா என்பது. 2024-ல் ஒரு சோதனையின் முடிவு வந்தது. எதிர்ப்பொருளும் மூட்டு வலியும் இருந்து, நோய் இன்னும் முழுசாக வராதவர்களுக்கு ஒரு வருடம் அபாடசெப்ட் என்ற ஊசி. வருட முடிவில் நோய் முற்றியது ஊசி போட்டவர்களில் 6 சதவீதம், வெற்று ஊசிக்காரர்களில் 29. ஊசியை நிறுத்தி இன்னொரு வருடம் கழித்துப் பார்த்தால் 25-ம் 37-ம். முழுசாகத் தடுக்கலை, தள்ளிப் போட்டிருக்கிறது. லாந்த்ரே-பொவே பார்த்த அந்த ஒன்பது பெண்களை நினைத்தால் இதுவே பெரிய விஷயம்தான்.

நடைமுறைக்கு ஒன்று. காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து நின்று, அது சில வாரங்கள் தொடர்ந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் மூட்டு வாத நிபுணரைப் பாருங்க. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் விரல்கள் கோணாமல் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கு. டி.என்.எஃப். மருந்துகள் வந்த கதை தனிப் பதிவுக்குத் தாங்கும், அது இன்னொரு நாள்.