பழம் பறித்தவளுக்குத் தகுதி இல்லையா?

ஏற்காட்டுக் குளிரைப் புகழ்வோர் உண்டு. ஏரியில் படகோட்டி மகிழ்வோர் உண்டு. ஆனால், 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை ஊன்றிய பிறகு, அம்மலையின் வாழ்வு கடல் கடந்த சந்தையோடு பிணைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் மூண்டது; ஐரோப்பியச் சந்தை அடைபட்டது; காப்பி தேங்கிற்று. 1940-இல் அவசரச் சட்டம். 1942-இல் நிலையான சட்டம். விளைச்சலைக் காப்பி வாரியம் திரட்டி விற்று, உரியவர்க்குப் பணம் தந்தது. உரியவர் யார்? தோட்டம் உடையோர்!

1989-இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை முறிந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை பாதாளத்தில் வீழ்ந்தது. 2003-இல் மைய அரசு 500 கோடி ரூபாயில் விலை நிலைப்படுத்தும் நிதியை அமைத்தது. காப்பி, தேயிலை, ரப்பர், புகையிலை பயிரிடுவோர்க்கான நிதி அது. தகுதி? 4 ஹெக்டேருக்கு மேற்படாத நிலம்! சிறு உழவர்க்கு உதவியதைக் குறை கூறேன், முறையான செயலே. ஆனால், காணி நிலமும் இன்றி, கூடை சுமந்து, மலைச்சரிவில் பழம் பறித்தவள்? விலை சரிந்தால் முதலில் வெட்டப்படுவது அவளுடைய வேலைநாளன்றோ!

அமெரிக்காவின் 1962-ஆம் ஆண்டு வணிகச் சட்டம், இறக்குமதியால் வேலையிழந்த தொழிலாளியையும் உதவிக்குத் தகுதியுடையவன் என்றது. அங்கும் 1969 வரை தொழிலாளர் மனு ஒன்றுகூட ஏற்கப்படவில்லை என்பது வேறு கதை! எனினும், மனு எழுத அவனுக்கு உரிமை இருந்தது. 2003-இன் நிதியில், பழம் பறித்தவளுக்கு அந்த மனுவும் இல்லை.