காது வைத்த ரூபாய்: சேதமா, சான்றா?

இந்திய நாணய ஏலப் பட்டியல்களில் அடிக்கடி தென்படும் குறிப்பு ஒன்று உண்டு: 'நகையிலிருந்து எடுக்கப்பட்டது'. விளிம்பில் பற்றவைப்பின் தடமோ தலைக்கு மேல் ஒரு துளையோ இருந்தால், அரிய ஆண்டின் வெள்ளி ரூபாயும் மதிப்பிழந்துவிடும். தரச் சான்று வழங்கும் நிறுவனங்கள் பொதுவாக அத்தகைய காசுக்கு எண் தரம் அளிப்பதில்லை. சேதத்தின் வகையை மட்டுமே குறிக்கின்றன. சேகரிப்பாளரின் இப்பார்வை எங்கிருந்து வந்தது, எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்பது இப்பதிவின் பொருள்.

முதலில் சொற்கள். ரிக் வேதத்தில் 'நிஷ்கம்' என்பது கழுத்தணி. பிற்கால வழக்கில் அதுவே பொற்காசையும் ஒரு நிறையையும் குறித்தது. 'ரூப்ய' என்னும் சொல்லுக்குப் பாணினி (5.2.120) இரு பொருள் காட்டுகிறார்: முத்திரை அடிக்கப்பெற்றது, அழகால் புகழத்தக்கது. நம் 'ரூபாய்' அதன் வழிவந்தது. வடஇந்திய ரூபாய் மாலையின் பெயரான 'ஹமேல்', மாட்டித் தொங்கவிடப்படுவதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. சொல்வரலாறு சமூக வரலாற்றுக்கு நேர்ச்சான்று ஆகாது. எனினும், காசும் அணியும் வெவ்வேறு என்ற பிரிவினை இம்மொழிகளுக்கு இயல்பானதன்று என்பதை அது உணர்த்துகிறது.

1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே சீரான ரூபாயை நிறுவியது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா (ஏறத்தாழ 11.66 கிராம்), பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தட்டார் கலப்படம் செய்தாரா என்று ஐயுறும் குடும்பத்துக்கு இது பெரும் வசதி. இருபது ரூபாய் கோத்த மாலை இருபது தோலா. எடையை எண்ணிக்கை சொல்லும், தூய்மைக்கு நாணயச்சாலை பொறுப்பு. ரூபாய் மாலை பரவியதற்கு அழகுணர்வோடு இந்த நம்பகமும் காரணம்.

1893 வரை நாணயச்சாலைகள் பொதுமக்களுக்குத் திறந்திருந்தன. வெள்ளியைக் கொடுத்தால், சிறு கட்டணம் கழித்து, ரூபாயாகத் திரும்பப் பெறலாம். 1876–78 பஞ்சத்தையொட்டிப் பம்பாய் நாணயச்சாலைக்கு நாட்டு வெள்ளி நகைகள் பெருமளவில் வந்து சேர்ந்தன. மழை பொய்த்தபோது கழுத்தணியே தானியமாயிற்று. 1893இல் ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி அக்கதவு மூடப்பட்டது. அதன்பின் ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலைக்கு மேல் நின்றது; வெறும் வெள்ளி நகையோ உலோகத்தின் விலைக்கே போயிற்று.

ரூபாயாகவே கோத்து வைத்திருந்தவர் தப்பினாரா? முழுமையாக இல்லை. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டம், உருச்சிதைக்கப்பட்ட ரூபாய் சட்டப்படி செல்லத்தக்கதன்று என்றது. இயல்பான தேய்மானத்திலிருந்து எளிதில் பிரித்தறியக்கூடிய, மேற்பரப்பிலோ வடிவிலோ செய்த மாற்றமெல்லாம் சிதைவே என்பது அதன் வரையறை. காது பற்றவைத்த காசு இதற்குள் எளிதில் அடங்கும். இன்றைய சேகரிப்பாளரின் அளவுகோலும் இதுவே. காசை வெளியிட்டவரின் கண்கொண்டே அவர் அதைப் பார்க்கிறார். பயன்படுத்தியவரின் கண்கொண்டு பார்ப்பதில்லை.

ஆயினும் அவர் தரப்பில் வலுவான நியாயமும் உண்டு. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய்கள் பல ஆண்டுகள் அதே ஆண்டெண்ணுடன் அடிக்கப்பட்டன. அவற்றை வகைப்படுத்தச் சிறு புள்ளிகளை எண்ணுவதே வழி. ஒரு துளி பற்றாசு அப்புள்ளியை மறைத்துவிடும். மெருகேற்றினால் தேய்ந்தே போகும். எடையை அளந்து ஆராய்பவருக்கும் துளையிட்ட காசு பயன்படாது.

ஆனால் அதே தடம் வேறொரு செய்தியைச் சொல்கிறது. காது அரசியின் தலைக்கு மேல் உள்ளதா, எழுத்துள்ள பக்கத்துக்கு நேராகவா? அணிந்தவர் எந்த முகத்தை ஊருக்குக் காட்டினார் என்பதை அது சொல்லும். எந்தப் பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது என்பது அதைச் சரிபார்க்க உதவும். இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் தலைக்கு மேல் அருகருகே காணும் இரட்டைத் துளையை இந்நாட்டுப் பயன்பாட்டின் அடையாளமாகவே நாணயவியலாளர் கொள்கின்றனர். ரோமானியக் காசில் சான்றாகும் துளை, விக்டோரியா ரூபாயில் மட்டும் சேதமாவது ஏன்?

1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பழைய ரூபாய்கள் செல்லாதவையாக்கப்பட்டு அரசால் திரும்பப் பெறப்பட்டன. கழுத்தில் கிடந்தவை அந்த உலையிலிருந்து தப்பின. இன்று சந்தையில் அவை வேறுவகையில் அழிகின்றன. மாலை தனித்தனிக் காசுகளாகப் பிரிக்கப்படுகிறது, காது அராவப்படுகிறது, விளிம்பு மெருகேற்றப்படுகிறது. எத்தனை காசு, எந்த வரிசை, எந்தெந்த ஆண்டு என்னும் செய்திகள் அத்தோடு தொலைகின்றன. ஒரு மாலையில் 1840, 1862, 1901, 1919ஆம் ஆண்டு ரூபாய்கள் சேர்ந்திருந்தால், அது தலைமுறைகளாகக் கூட்டப்பட்டதா, ஒரே முறை கோக்கப்பட்டதா என்று கேட்கலாம். பிரித்த காசுகளிடம் அக்கேள்விக்கு இடமில்லை. எழுதப்படிக்க வாய்ப்பற்றிருந்த பெண்களின் சொந்தச் சொத்தைப் பற்றி நமக்கு எஞ்சியுள்ள ஆவணங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய மாலையைக் காண நேர்ந்தால், பிரிப்பதற்கு முன் இருபுறமும் ஒளிப்படம் எடுங்கள். காசுகளின் வரிசை, ஆண்டு, காதின் இடம், தேய்ந்த பக்கம், கிடைத்த ஊர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டாரும் தட்டாரும் அதற்கு வழங்கும் பெயரை அவர்கள் ஒலிக்கும்படியே எழுதுங்கள். விலையைச் சந்தை முடிவு செய்யட்டும். விவரிப்பு நம் பொறுப்பு.